செல்வமலரின் பேரில் ஒரு கார்

செல்வமலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மொன்றியலில் வில்லரேப் பகுதியில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். இன்றைக்கும் ஜாரி வீதியைக் கடப்பதென்றால், பச்சை விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்து, வேறு யாராவது காலை வைத்த பிறகுதான் தன் காலை வைப்பார். அப்படிப்பட்ட மனுசியைத்தான் கியூபெக் அரசாங்கம் பத்தொன்பது வருடமாக ஒரு வாகனத்தின் சொந்தக்காரி என்று எழுதி வைத்திருக்கிறது.

அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. அப்படி எழுத வைத்தது ரொறன்ரோவில் இருக்கும் சாத்திரியார் அருளம்பலம்.

கணவரின் பெயரை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, செல்வமலர் வாயால் அது வராது. ஞானேந்திரன். வெளியாரிடம் 'இவர்', வீட்டுக்குள் 'இஞ்சேருங்கோ', அவ்வளவுதான். யாரும் தடுத்ததில்லை, பழக்கம் அப்படி. ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டால்கூடக் கைப்பையிலிருந்து அவருடைய மருத்துவ அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். மகள் ஆர்த்திகா சின்ன வயதில் இதை வைத்து நன்றாகக் கேலி செய்திருக்கிறாள்.

ஞானேந்திரன் முதலில் வாங்கிய கார், கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே பனியில் வழுக்கி விளக்குக் கம்பத்தில் மோதி அப்பளமாகியது. இரண்டாவது கார் வீட்டு வாசலில் நின்றபடியே களவு போனது. மூன்றாவதை வாங்குமுன் அவர் சாதகக் குறிப்பு இரண்டையும் சாத்திரியாருக்கு அனுப்பினார். சாத்திரியார் தொலைபேசியில் சுருக்கமாகத்தான் சொன்னார்.

"நாலாம் வீட்டில சனி. உமக்கு வாகன யோகம் துண்டா இல்லை. மனுசியின்ர குறிப்பில சுக்கிரன் நல்ல இடத்தில நிக்கிறார். அவவின்ர பேரில எடுத்துப்போட்டுப் பயமில்லாமல் ஓடும்."

அடுத்த நாளே இரண்டு பேரும் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் செல்வமலரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டாள். இல்லை என்றார். கார் ஓட்டுவீர்களா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றார். அந்தப் பெண் ஒருதரம் ஞானேந்திரனைப் பார்த்தாள், ஒருதரம் செல்வமலரைப் பார்த்தாள். கார் வைத்திருப்பவர் கார் ஓட்டத்தான் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இலக்கத் தகட்டைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கிழமை டொலார்ட் முருகன் கோயிலில் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். செல்வமலர் முன் இருக்கையில் பட்டுச்சேலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காரும், அதற்குப் பிறகு வந்த சாம்பல் நிறக் காரும், பத்தொன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓடின. ஞானேந்திரன் போகிற வீடெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். செல்வமலர் சிரித்துக்கொண்டு இருப்பார். ஆனால் வருடா வருடம் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும்போது, உறையில் தன் பெயரைக் கண்டதும் பயந்து அதை மேசையில் வைத்துவிடுவார். பிரித்துப் பார்க்க மாட்டார். ஆர்த்திகா வந்து பிரித்து, ஒன்றுமில்லை அம்மா என்று சொன்ன பிறகுதான் அடுப்படிக்குப் போவார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் இத்தனை பேர், இன்னார் இன்னார் என்று குடும்பத் தலைவர் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். கையெழுத்து வைத்தவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் செல்வமலரின் வீட்டுக்குச் சுற்றிவளைப்புக்கு வந்த ஆமிக்காரர் பட்டியலை வைத்து எண்ணினார்கள், ஓர் ஆள் குறைந்தது. அம்மாவின் தம்பி பாண் வாங்கச் சந்திக் கடைக்குப் போயிருந்தார். எங்கே அவன் என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பாவுக்கு வாய் எழவில்லை, கடைப்பக்கம் கையை மட்டும் நீட்டினார். அவர்கள் பிடித்துக்கொண்டு போன மாமா பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு காது கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரோடும் சரியாகக் கதைத்ததும் இல்லை. அப்பா சாகும்வரை அந்த வலது கையால் யாருக்கும் எதையும் சுட்டிக் காட்டியதில்லை.

இதையெல்லாம் செல்வமலர் மொன்றியலில் யாருக்கும் சொன்னதில்லை. குழந்தைகள் காப்பகம் ஒன்றில், இங்கே கார்டெறி என்பார்கள், சமையலுக்கு உதவியாக வேலை செய்தார். கரட் வெட்டினார், சூப் காய்ச்சினார், பிள்ளைகளுக்குக் கவனம், சூடு என்று பிரெஞ்சில் சொல்லப் பழகினார். அவருடைய பிரெஞ்சு பெரும்பாலும் மரக்கறிகளும் எச்சரிக்கைகளும்தான்.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஞானேந்திரன் வேலையால் வரச் சற்றுப் பிந்தியது. ஐந்தரைக்கே வெளியே நல்ல இருட்டு. உள்ளே வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் சோபாவில் இருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் இப்படிச் செய்ததில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார். என்ன என்று கேட்டதற்கு, கடை வாகனத் தரிப்பிடத்தில் யாரோ இடித்துப் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்றார். செல்வமலர் நம்பினார். கண்ணாடி உடைந்ததற்கு இவ்வளவு சோர்வா என்று மட்டும் நினைத்தார்.

அடுத்த நாள் அவர் மெட்ரோவில் வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூலைக் கடைக்குப் பால் வாங்கவே காரில் போகிற மனிதர் அவர். டிசம்பர் முதலாம் திகதிக்கு முன்னர் குளிர்கால ரயர் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் சட்டப்படி ஓட முடியாது, ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாக மாற்றுவார். இந்த வருடம் ரயர்கள் நிலவறையில் அப்படியே கிடந்தன. வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. பின் ஒழுங்கையில் நின்ற காரின்மேல் பனி ஏறிக்கொண்டே போனது, ஞானேந்திரன் தட்டிவிடப் போகவில்லை. செல்வமலர் அடுப்படி யன்னலால் அதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஞானேந்திரன், கார் மூடுண்டு போவதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவருக்குப் பட்டது. அப்போதுதான், உடைந்தது கண்ணாடி மட்டுமல்ல என்று செல்வமலருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. ஒரு பெண் பொலிஸ் அதிகாரி, தனியாகத்தான் வந்திருந்தார். செல்வமலரின் முழுப் பெயரை ஒரு காகிதத்தைப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். கார் உங்களுடையதா என்று கேட்டார். ஆர்த்திகா மாடியிலிருந்து ஓடிவந்து மொழிபெயர்த்தாள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணியளவில், ஜாரி வீதிக் கடவையில் எழுபத்தொரு வயதுப் பெண் ஒருவரை ஒரு சாம்பல் நிறக் கார் தட்டிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஒரு கடைக் கமராவில் இலக்கத் தகட்டின் பாதி தெரிந்தது. அந்தப் பாதியோடு பொருந்துகிற மூன்று கார்களில் இது ஒன்று.

அன்று காரை ஓட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. சொல்லப்போனால் நல்ல மனுசி. ஆனால் செல்வமலருக்கு அதிகாரியின் கையில் இருந்த காகிதம்தான் கண்ணில் நின்றது. உள்ளே குளியலறையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடிக்கும் வரைக்கும் ஞானேந்திரன் கூடத்தில்தான் இருந்தார்.

தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று செல்வமலர் தன் பிரெஞ்சில் சொன்னார். அதிகாரி சற்று நேரம் காத்திருந்தார். இப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை, விரும்பினால் சட்டத்தரணி ஒருவரோடு கதைத்துவிட்டு வரலாம், திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிலையத்துக்கு வாருங்கள் என்று ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் தண்ணீர்க் குழாய் நின்றது.

ஞானேந்திரன் வெளியே வந்தபோது முகம் நனைந்திருந்தது. அவரே சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"முதல்ல குப்பைத் தொட்டி எண்டுதான் நினைச்சனான். பேந்து பின் கண்ணாடியில பார்க்க அவ எழும்பி இருந்தவ. தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. நான் கண்டனான்."

"கண்டும் ஏன் நிக்கேல்லை?" என்றார் செல்வமலர்.

"கால் நிக்கவிடேல்லை."

செல்வமலருக்கு அது விளங்கியது, விளங்கியதுதான் கொடுமை. இந்த வீட்டில் பயம் என்றால் என்னவென்று தெரியாதவர் யாரும் இல்லை. ஆர்த்திகா தன் தொலைபேசியில் சட்டத்தைத் தேடி வாசித்தாள். ஆளைத் தட்டினால் நிற்க வேண்டும், உதவி செய்ய வேண்டும், பெயரையும் விலாசத்தையும் கொடுக்க வேண்டும், போனால் குற்றம். கார் யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். அப்பா, நீங்கள் சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு நீங்களே போய்ச் சொல்லுங்கோ, அதுதான் உங்களுக்கும் நல்லது என்றாள். தெரிந்தவர் ஒருவரின் இலக்கத்தையும் எழுதி மேசையில் வைத்தாள். ஞானேந்திரன் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை.

மகள் மாடிக்குப் போன பிறகு அவர் செல்வமலருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"இஞ்சேரும், நீர் தெரியாது எண்டு மட்டும் சொன்னால் காணும். உமக்கு ஓடத் தெரியாது, உம்மை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம். கார் உம்மட பேரில கிடக்கிறதே எங்கட அதிர்ஷ்டம். அண்டைக்குச் சாத்திரியார் சொன்னது இதுக்குத்தான்."

தன்னுடைய யோகம் இதற்குத்தான் வந்ததா என்று நினைக்கையில் செல்வமலருக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. தெரியாது என்று சொன்னால் அந்தப் பெண்ணை வீதியில் விட்டுவிட்டு வந்தது தானும்தான் என்றாகிவிடும். தெரியும் என்று சொன்னால் அப்பாவின் கை தன் தோளில் முளைத்துவிடும். இதில் எதற்கு அதிகம் பயப்படுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை கடைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு கடவைக்குப் போனார். வேலைக்குப் போக ஒவ்வொரு நாளும் கடக்கிற அதே கடவை. அங்கே ஒன்றும் இல்லை. பனியை ஒதுக்கி ஓரத்தில் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலின் அடியில் சாமான் வண்டியின் சின்னச் சில்லு ஒன்று, கறுப்பு ரப்பர் போட்டது, பாதி வெளியே தெரிந்தது. வயதானவர்கள் கடைக்கு இழுத்துப் போவார்களே, அந்த வண்டி. செல்வமலர் குனிந்து அதைப் பார்த்தார். தினமும் அவருக்குப் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்கிற, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவி அப்படியொரு வண்டியைத்தான் இழுத்து வருவாள். பெயர் தெரியாது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவளைக் காணவும் இல்லை. பச்சை விழுந்ததும் அந்தக் கிழவி காலை வைத்த பிறகுதான் செல்வமலர் கால் வைப்பார். எத்தனையோ குளிர்காலம் அப்படித்தான் ஜாரி வீதியைக் கடந்திருக்கிறார்.

குளிரில் ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றார். கன்னம் மரத்துப்போனது. கடைசியில், எதிர்ப்பக்கத்தில், சிவப்புத் தொப்பி தெரிந்தது. கிழவி வண்டியை இழுத்துக்கொண்டு ஆற அமரக் கடந்து வந்து, பொன்ஜூர் என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்வமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, இவள் இல்லை என்று நினைத்தார். நினைத்த மறுகணமே தன்மீதே பயம் வந்தது. இவள் இல்லை என்றால் வேறொருத்திதானே. அந்த வேறொருத்திக்காகத் தன் மனம் ஒரு நிமிடம்கூடப் பதறவில்லையே. சில்லைப் பனிக்குள்ளிருந்து இழுத்தெடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சில்லை ஞானேந்திரனுக்கு முன்னால் மேசையில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார், என்னவென்று கேட்கவில்லை.

"நான் தெரியாது எண்டு சொல்லமாட்டன்," என்றார் செல்வமலர். "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு நான் போவன். நீங்களும் வந்தால் நீங்கள் சொல்லுங்கோ. வராட்டி நான்தான் சொல்லவேண்டி வரும். என்னைக்கொண்டு சொல்ல வையாதேங்கோ."

அன்று முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கப் பயந்தார்கள். சோற்றைக் கூட வேறு வேறு நேரத்தில்தான் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஞானேந்திரன் வழமைபோல வேலைப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மேசையைப் பார்த்தார் செல்வமலர். சில்லு அப்படியே இருந்தது. சட்டத்தரணியின் இலக்கம் எழுதிய காகிதம்தான் இல்லை. மனுசன் அதை எடுத்துக்கொண்டு போனாரா, குப்பையில் போட்டாரா என்று தெரியவில்லை. குப்பை வாளியைத் திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது. ஆர்த்திகா கூட வருகிறேன் என்றாள். தகப்பனைப் பற்றி மகளின் வாயால் ஒரு சொல்லும் வரக்கூடாது என்று செல்வமலர் மறுத்துவிட்டார்.

நிலையத்தில் அவரை ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். யன்னலுக்கு வெளியே வீதி, எதிர்ப்பக்கத்தில் பஸ் தரிப்பிடம். சனிக்கிழமை வந்த அதே அதிகாரிதான். மேசையில் தொலைபேசியை வைத்து, அதில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பேசவிட்டார். சென்னைத் தமிழ், இளம் பெண்ணின் குரல்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. அன்னைக்கு வண்டிய யார் ஓட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

செல்வமலர் கதவைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. கதவு திறக்கவில்லை.

"தெரியும்," என்றார். "என்ரை மனுசன்தான் ஓடினவர்."

அதிகாரி எழுதினார். பிறகு கணவரின் பெயரைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளரும் கேட்டாள், பேர் என்னம்மா என்று. செல்வமலர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வழமைபோல அட்டையைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டார். அட்டை அகப்படவில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அடுத்த கேள்வி வந்தது.

செல்வமலர் நிமிர்ந்தபோது யன்னலுக்கு வெளியே அவரைக் கண்டார். எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில், வேலைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நிலையத்தின் வாசலைப் பார்த்தபடி நின்றார் ஞானேந்திரன். தோளிலும் தொப்பியிலும் பனி ஏறியிருந்தது. வெகுநேரமாக அங்கேதான் நின்றிருக்கிறார். வந்துவிட்டார், ஆனால் வீதியைக் கடக்கத்தான் முடியவில்லை.

செல்வமலரின் வலது கை மடியிலிருந்து தானாக எழும்பியது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் அழுத்தினார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் என்று சொன்னார். மொழிபெயர்ப்பு முடிவதற்குள் எழும்பிவிட்டார். அதிகாரி தடுக்கவில்லை, பின்னால் வாசல்வரை வந்து நின்றார்.

வெளியே சிவப்பு விளக்கு. இரண்டு பக்கமும் வாகனங்கள். அந்த நேரம் பார்த்துத் தரிப்பிடத்தில் பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. ஞானேந்திரன் பஸ்ஸைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு ஒரு காலைப் படியில் வைத்தார்.

இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டார் செல்வமலர். வாகன இரைச்சலில் அது பாதி வீதிகூடத் தாண்டவில்லை. தாண்டினாலும் என்ன, அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

"ஞானேந்திரன்," என்று கூப்பிட்டார். தொண்டை கிழியக் கூப்பிட்டார். "ஞானேந்திரன்."

அவர் திரும்பினார். யார் கூப்பிட்டது என்று தெரியாதவர்போல ஒரு கணம் விழித்தார். படியில் வைத்த கால் தரைக்கு இறங்கியது. பஸ் கதவை மூடிக்கொண்டு போனது.

பச்சை விழுந்தது. செல்வமலர் யாருக்கும் காத்திராமல் காலை வைத்தார், நின்ற வாகனங்களுக்கு முன்னால் நடந்து போனார். ஞானேந்திரனின் உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது. சட்டத்தரணியின் இலக்கம் எழுதிய காகிதம் அவர் கையில் நனைந்து கசங்கிக் கிடந்தது.

"உள்ளுக்கு என்ரை பேரைச் சொல்லிப்போட்டீரோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் செல்வமலர். "அதை நீங்கள் சொல்லுங்கோ."

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார், காலியான கையைச் செல்வமலர் பிடித்துக்கொண்டார். விளக்கு மறுபடி பச்சையாகும் வரை அப்படியே நின்றார்கள், பிறகு கடந்தார்கள்.